மூன்றாம் லைனில் ஒருத்தி

காலை ஏழு மணிக்கு நான் உள்ளே போனபோது சரோவின் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள். இரவு வேலைக்காரர்கள் பின்வாசல் வழியாக வெளியே போவார்கள். பகல் வேலைக்காரர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வருவோம். நடுவில் உடை மாற்றும் அறை, கை கழுவும் தொட்டி, பூட்டு வைத்த கதவு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை.

வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரையின் முன் உட்கார்ந்தேன். முந்தைய ஷிப்டின் கடைசி அரை மணி நேரப் பதிவை ஓட்டிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. இயந்திரம் எங்கே சிக்கியது, எந்தக் கையுறை கழலாமல் போனது என்று அதில் தெரிந்துவிடும்.

பதிவில் கையுறை அச்சுகளான பீங்கான் கைகள் வரிசையாகத் தொங்கியபடி போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் சரோ வந்து கேமராவுக்கு நேராக நின்றாள். விரல் நுனிகளில் மருதாணி சிவந்திருந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டாள். என்னை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் ஷிப்ட் அது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. வராவிட்டால் இனிமேல் தன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினேன். வாய் பாதி திறந்தபடி சரோ திரையில் நின்றாள்.

அவள் அப்படியே கொஞ்சம் நிற்கட்டும். நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உதட்டால் பேசியவர்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈஜோக் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பா பால்மரம் வெட்டினார், மகள் அந்தப் பாலில் கையுறை செய்கிறாள் என்று ஒருமுறை ஒருவர் மேடையில் உருகிப் பேசினார். எங்கள் கையுறைக்கு மரத்துப் பாலே வேண்டாம், ரசாயனப் பால் டாங்கி லோரியில் வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கைதட்டல் நன்றாக வந்தது.

மூன்றாம் லைனில் அப்போது ஒரு ஷிப்டுக்கு எட்டுப் பெண்கள். பக்கத்துக்கு நான்கு பேராக எதிரெதிரே நிற்போம். நடுவே சங்கிலியில் தலைகீழாகத் தொங்கும் பீங்கான் கைகள் அடுப்பைத் தாண்டிச் சுடச்சுட வரும். மணிக்கட்டு விளிம்பில் விரலை விட்டு ஒரே இழுப்பில் உறையை உரித்துக் கூடையில் போட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அது மறுபடியும் பால் தொட்டிக்குள் முங்கி இரட்டைத் தோலோடு வரும். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் சூப்பர்வைசர் கத்துவது பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கு எதிரே நின்றவள் சரோஜா. பத்தாங் பெர்சுந்தை பக்கத்துக்காரி. கன்னத்தில் குழி விழும். கோபம் வந்தால் அந்தக் குழி இன்னும் ஆழமாக விழும்.

அந்த இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதற்காக எட்டுப் பெண்கள் நாள் முழுவதும் பேசாமல் நிற்பார்கள் என்று யாராவது நினைத்தால், அவர் பெண்களோடு வேலை செய்யாதவர். நாங்கள் உதட்டை அசைத்துப் பேசினோம். குரல் கிடையாது. புருவம் தூக்கினால் கேள்வி. மூக்கைத் தொட்டால் மாமியார். கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தால் காக் ரோஸ் வருகிறார் என்று அர்த்தம். காக் என்றால் மலாயில் அக்கா; காக் ரோஸ் எங்கள் சூப்பர்வைசர். மலாய்க்காரர், எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

சரோவின் குடும்பக் கதை முழுவதும் எனக்கு உதட்டில்தான் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவருடைய கடைசி நாளைப் பற்றி நான் முழுதாகச் சொன்னதும் அவளிடம் மட்டும்தான். அப்போதுகூட இரண்டு பேர் கையும் நிற்கவில்லை. அவள் கண் கலங்கியபடியே உறைகளை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செகிஞ்சானில் இரண்டு ஊமைகள்

ஒரு விடுமுறை நாளில் நானும் சரோவும் செகிஞ்சானுக்குப் போனோம். வயல் பார்க்க வேண்டும், மீன் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படகுத்துறைப் பக்கம் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடை அமைதியாக இருந்தது. ஆனாலும் எங்களுக்குப் பழக்கம் விடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்ததும் குரலே இல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டோம்.

கடைக்கார அம்மா எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, ஒரு மீனைத் தட்டில் எடுத்து வந்து காட்டி, விரலால் பெரிதா சிறிதா என்று கேட்டார். பிறகு நாங்கள் கேட்காமலேயே ஒரு தட்டு இறால் கொண்டுவந்து வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்போதுதான் சரோவுக்கு விளங்கியது. "ஐயோ, நம்மள ஊமைன்னு நெனச்சிட்டாங்கடி" என்று உதட்டால் சொன்னாள்.

"இப்ப பேசினா எறாலத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பேசாம தின்னுலா" என்றேன், நானும் உதட்டால்.

கடையை விட்டு வெளியே வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்த பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம். சரோவின் சிரிப்புச் சத்தத்தை நான் சரியாகக் கேட்டது அன்றைக்குத்தான். மூக்கால் சிரிப்பாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பலகையில் ஏறிய எண்

பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே கையுறை கேட்டது. முகக்கவசம் போட்டு எங்கள் வாயை மூடினார்கள். நாங்கள் புருவத்தை வைத்துச் சமாளித்தோம். நோய் போனது, கையுறைக்கு இருந்த மவுசும் அதோடு போனது. புதிது புதிதாய் முளைத்த தொழிற்சாலைகள் ஒன்றையொன்று விலையில் அடித்துக்கொண்டன. சீனாவிலிருந்து வந்த சரக்கு எல்லாரையும் சேர்த்து அடித்தது.

லைனைக் கவனிக்கும் எஞ்சினியர் தினேஷ் எங்களைக் கூட்டி வைத்து விளக்கினார். ராவாங் பையன், மரியாதை தெரிந்தவர். "ஆண்ட்டி, அவங்க விலை நம்மளவிட சீப்பு. ஆட்டோமேஷன் போடலேன்னா நாமளே இருக்க மாட்டோம். நான் பொய் சொல்லலே."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றோம்.

உறையைக் காற்றால் ஊதி, ரப்பர் விரல்களால் இழுத்துக் கழற்றும் இயந்திரம் வந்தது. எட்டுப் பேரில் சிலர் பேக்கிங் பகுதிக்குப் போனார்கள். ஒருத்தி ராவாங்கில் பிஸ்கட் தொழிற்சாலைக்கு, ஒருத்தி பத்தாங் காலியில் மகள் வீட்டுக்கு. சரோ சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த போட்டிக் கம்பெனிக்குப் போனாள். அங்கே இன்னும் கையால்தான் உரித்தார்கள். மூன்றாம் லைனில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் போதும் என்றானது. பகலுக்கு என்னை நிறுத்தினார்கள். வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவள் என்பதால் இருக்கலாம். மகள் பினாங்கில் சிப் தொழிற்சாலையில் இருக்கிறாள்.

கேண்டீனில் ஒரு மின்பலகை உண்டு. ஒவ்வொரு லைனிலும் ஓர் ஆள் தலைக்கு எத்தனை கையுறை என்று காட்டும். எங்கள் லைனில் ஆள் குறையக் குறைய அந்த எண் ஏறியது. ஏழு பேர் போன மாதம் என் படத்தை அதன் பக்கத்தில் ஒட்டிச் சிறந்த தொழிலாளி என்றார்கள். அந்த ஏழு பேர் போனதைத் தவிர நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தனியாக நின்ற முதல் வாரத்தில் எனக்கே தெரியாமல் என் உதடு அசைந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு என்னா கொழம்பு" என்று எதிரே இருந்த காலி இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தினேஷ் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஆண்ட்டி, மந்திரம் சொல்றீங்களா?"

"ஆமா தம்பி. மெஷின் கெட்டுப் போவணும்னு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலும் அந்த அமைதிதான், அங்கே இயந்திரச் சத்தம்கூட இல்லை.

சரோவோடு தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். அது சரிப்படவில்லை. எங்கள் சிநேகிதத்தில் குரலே இருந்ததில்லை. காதில் கேட்ட மெலிந்த குரல் யாரோ ஒரு பெண்ணுடையது. "அப்புறம்?" என்பாள். "ஒன்னுமில்ல, நீ சொல்லு" என்பேன். வீடியோவில் பேசலாம் என்றால் அவள் வீட்டுப் பக்கம் லைன் கிடைக்காது. பாதி வார்த்தையில் உதடு உறைந்து நின்றுவிடும். கொஞ்ச காலத்தில் இரண்டு பேருமே அழைப்பதை நிறுத்திவிட்டோம்.

அந்த அரை மணி நேரம்

கையால் உரிக்கும் கம்பெனி எங்கள் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொரு லைனாக நிறுத்தியது. சரோவுக்கு வேலை போனது. அதாவது, நான் காவல் காத்த இயந்திரம்தான் அவள் வேலையைத் தின்றது. இரண்டாம் தடவையாக.

அதே நேரத்தில் எங்கள் லைனில் இரவு ஆளாக இருந்த ஜெராம்காரர் ஜோகூருக்குப் போய்விட்டார். நான் நேராகக் காக் ரோஸிடம் போய் நின்றேன். சரோவைத் தெரியுமே, அவளையே எடுங்கள் என்று மலாயில் கெஞ்சினேன். எடுத்தார்கள்.

ஷிப்ட் மாறும்போது வேலையை ஒப்படைக்க அரை மணி நேரம் இரண்டு பேரும் லைனில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. நான் கண் வைத்திருந்தது அந்த அரை மணி நேரத்தின் மேல்தான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அந்த நாட்களில் நான் பேருந்தில் இருந்து இறங்கி நடந்த வேகத்தைப் பார்த்து வாசலில் நிற்கும் கார்டுகூடக் கிண்டல் செய்தார்.

கொஞ்ச நாள்தான். பிறகு தினேஷ் நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு வந்தார். "இனிமே ஓவர்லேப் வேணாம் ஆண்ட்டி. ரெக்கார்டிங் பாத்தாலே போதும். அந்த அரை ஹவர் வேஸ்ட்டுதானே?"

கணக்குப்படி அவர் சொன்னது சரி. அந்த அரை மணி நேரத்தால் ஒரு கையுறைகூடக் கூடுதலாக வரவில்லை. நான் தலையாட்டினேன்.

புது ஏற்பாடு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பதிவை ஓட்டிக்கொண்டிருந்தேன். சரோ கேமராவின் முன் வந்து நின்று உதட்டை அசைத்தாள். "கேக்குதாடி?"

அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. அதற்கு ஒலிவாங்கியே கிடையாது. ஆனால் எங்களுக்கு அது எதற்கு? நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அன்று மாலை என் ஷிப்ட் முடியும் நேரத்தில் நான் கேமராவின் முன் நின்று பதில் சொன்னேன். அப்படித்தான் நடந்தது. காலையில் அவள் கேட்டதற்கு மாலையில் நான் பதில் சொல்வேன். அதற்கு அவள் சிரிப்பது எனக்கு மறுநாள் தெரியும். ஒரு நாளுக்கு மேல் எந்தப் பதிவும் நிற்காது. என் பகல் அவள் இரவின் மேல் பதிந்து அதை அழித்துவிடும்.

ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது காக் ரோஸ் என் பின்னால் வந்து நின்றுவிட்டார். திரையில் சரோவின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சாப்பிடுகிறாள்?" என்று என் காதருகே குனிந்து மலாயில் கேட்டார்.

"கச்சான்" என்றேன், கடலை கொறிக்கிறாள் என்று.

காக் ரோஸ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கண்ணை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டுப் போனார். இத்தனை வருடமும் எங்கள் பாஷை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒருத்திக்கு ஒருத்தி

சரோவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் பகல், அவளுக்கு இரவு. ஷிப்டை மாற்றிப் போட்டாலும் எதிரெதிர்தான். வீட்டுக்கு வந்து குங்குமம் வைத்து அழைக்க நேரமே வாய்க்கவில்லை. பத்திரிகையைக் கார்டிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முறையான அழைப்பு கேமராவில் வந்தது.

"கல்யாணத்துக்கு வந்திரணும். மொத நாளே வந்திரணும். நீ வரலேன்னா அப்புறம் எங்கிட்ட வாயத் தொறக்காத." கன்னத்துக் குழி ஆழமாக விழுந்தது.

எட்டுப் பேர் இருந்தபோது யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. போகிறவள் இடத்தை மீதிப் பேர் பங்கு போட்டுக்கொள்வோம். கை கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான். இப்போது சரோவுக்கு மாற்று நான், எனக்கு மாற்று சரோ. வேறு லைன்களிலும் ஆளுக்கொருத்தர்தான். கல்யாணத்துக்காக அவள் விடுப்பு எடுத்தால், என்னால் எடுக்க முடியாது.

இரண்டு மணி நேரம் கிடைத்தால்கூடப் போதும் என்று அலைந்தேன். முகூர்த்தத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம். ஆனால் சரோவின் இரவு ஷிப்டைக் காக் ரோஸ்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். இரவெல்லாம் நின்றவரைப் பகலிலும் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினேஷ் மற்ற லைன்களில் கேட்டுப் பார்த்துவிட்டு, "சாரி ஆண்ட்டி" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சரோ விடுப்பில் போவதற்கு முந்தைய மாலை, கேமராவின் முன் நின்று என்னால் வர முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். மறுநாள் காலைப் பதிவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரமும் முதுகைக் காட்டியபடி வேலை பார்த்தாள்.  என் நாளில் மிச்சமிருந்த ஒரே பேச்சும் போய்விட்டது என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் நான் ஒரு சிக்கிய உறையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கேண்டீனில் ஆறிப்போன மீ கோரேங் நூடுல்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பலகையில் அன்றைக்கு எங்கள் லைன்தான் முதலிடம்.

நிறுத்திய இடத்திலிருந்து

சரோ வாயைத் திறந்தபடி திரையில் நிற்கிறாள். பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"வந்திட்டியா? ஒக்காரு மொதல்ல" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சுடி. தாலி கட்டறப்ப எம்மவ சிரிக்கிறா, அழுவல. நாந்தான் அழுதேன். அப்புறம் பந்தி. மொதப் பந்தியில கடைசி எலை ஒனக்குப் போட்டேன். எல்லாம் பரிமாறி வெச்சு, யாரையும் ஒக்கார விடல."

ஒரு உறை கழலாமல் வந்தது. திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி அதை உரித்துப் போட்டுவிட்டு, மறுபடி கேமராவைப் பார்த்தாள்.

"எங்க பெரியம்மா சண்டைக்கு வந்திட்டாங்க. செத்தவங்களுக்குத்தான் அப்படி எலை போட்டு வெப்பாங்க, நல்ல நாள்ல என்னா காரியம் பண்றேன்னு. நான் சொன்னேன், அவ சாவல பெரியம்மா. அங்க லைன்ல நிக்கிறா. அவ அங்க நிக்கறதாலதான் நான் இங்க நிக்கிறேன்னேன்."

எனக்குத் திரை மங்கியது. கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது என்று விதி. துடைத்தேன்.

 சரோ புருவத்தைத் தூக்கினாள். பந்தியில் ஒவ்வோர் இலையாக வந்து விசாரிக்கும் பெண்ணின் அம்மாவைப் போல, உதட்டால் கேட்டாள்.

"சாப்ட்டியா?"

என் பதில் மாலையில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காத்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், புருவத்தை இறக்காமல் நின்றாள். பிறகு, கேட்டுவிட்டவள் போலத் தலையை ஆட்டிவிட்டு, முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

"சாப்ட்டேன்டி" என்றேன் நான், அவள் முதுகைப் பார்த்து. உதட்டால் இல்லை, வாய்விட்டே சொன்னேன். அந்த இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.